ஜீப் கூரைக்கு வளையம் வைத்தவர்

எஹலியகொடையிலிருந்து இரத்தினபுரி போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் தோட்டத்துக் கணவன் மனைவி இருவர். அந்த அம்மாவின் மடியில் கிளினிக் கொப்பி.

"அன்னைக்கு நான் கராஜுக்குள்ள எட்டிப் பாக்குறேன், நம்ம ஜீப்போட பின் சக்கரம் ரெண்டும் அந்தரத்துல தொங்குது" என்றார் அந்த அம்மா. அதன் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"மெதுவா பேசு புள்ள."

"உங்களுக்கு எதுக்குங்க அந்த வேல? திருவிழாவுக்கு அம்மன ஏத்த, வருஷா வருஷம் நம்ம ரெண்டு பேருந்தானே ஜீப்போட ஃபைபர் கூரையத் தூக்கி இறக்கி வைக்கிறோம்?"

"ஒப்பரேஷன் செஞ்ச வயித்தோட இந்த வருஷமும் தூக்குவியா? அதான் நாலு மூலைக்கும் வளையம் வச்சேன். கராஜ் பீம்ல செயின் புளொக்க மாட்டி இழுத்தா நான் ஒரு ஆளே தூக்கிறலாம்."

"பக்கத்துல இன்னும் ரெண்டு வளையம் இருக்கே?"

"அது இறக்கி வச்சப்புறம் கயிறு போட்டுக் கட்டுறதுக்கு. போன வருஷம் காத்து தூக்கிட்டுப் போயி தேயிலைக்குள்ள போட்டுச்சே, மறந்துட்டியா?"

"இவ்வளவு யோசிச்சீங்களே, அப்புறம் ஜீப்பு ஏன் சேர்ந்து தூக்குச்சு?"

கணவர் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பின்னுக்கு ரெண்டு போல்ட் கழட்டாம இருந்திருக்கு."

"அத யாரு கழட்டுறது வழக்கம்?"

"நீதான். அங்க போல்ட் இருக்குன்னே எனக்கு இத்தன வருஷமா தெரியாது புள்ள."

பஸ் இரண்டு வளைவுகள் தாண்டியது.

"சரி," என்றார் மனைவி. "ஸ்பேனர் புடிக்கலாமான்னு இன்னைக்கு டொக்டர்கிட்ட கேட்டுப் பாக்குறேன்."