மண்ணும் காற்றும் ஒட்டிய சொல்

ரயிலில் போனைச் சத்தமாக வைத்துக் கேட்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. டண்டினொங் போகும் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து அம்மாவும் அப்படித்தான், பின்லாந்திலிருந்து வந்த ஒரு சிறுமியின் வாய்ஸ் மெசேஜை எல்லோருக்கும் கேட்க வைத்தார். முடிந்ததும் பக்கத்திலிருந்த கணவரிடம் சொன்னார்:

"மண்ணையும் காத்தையும் ஒட்டினால் உலகமாம்."

"ஆர் சொன்னது?"

"அக்கான்ர மகள். அவையின்ர பாஷையில 'மா' எண்டால் மண், 'இல்மா' எண்டால் காத்து. 'மாஇல்மா' எண்டால் உலகம். இத்தனை வருசத்துக்குப் பிறகு விசா கிடைச்சு அவையைப் பாக்கப் போறம், அதுக்கிடையில இதைப் பாடமாக்கட்டாம்."

கணவர் யோசித்தார்.

"அப்ப கடல் எங்க?"

"கடல் அதில இல்லை."

"கடல் இல்லாமல் என்ன உலகம்? பிழையான சொல்லு."

"உங்களுக்கென்ன திடீரெண்டு கடலில பாசம்? பிள்ளையளோட பீச்சுக்குப் போனாலும் காரை விட்டு இறங்க மாட்டீங்கள். அகதியாப் படகில வந்த பயம் இன்னும் போகேல்ல."

"ஓம், பயம்தான்."

"பிறகென்ன?"

ஸ்பிரிங்வேல் ஸ்டேஷனில் கதவு திறந்து மூடியது. ரயில் கிளம்பிய பிறகுதான் அவர் பதில் சொன்னார்.

"உம்மை நான் அந்தப் படகிலதானே கண்டனான்."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு போனை வாய்க்கருகே பிடித்தார்.

"பிள்ளை, சித்தப்பா அதில கடலையும் சேர்க்கட்டாம்."