பிரதாபனின் பாஸ்போர்ட்

ஆடி அமாவாசைக்குக் காத்தோட்டிக்காய் கிடைக்காவிட்டால் பாகற்காய் போதும். லண்டனுக்கு வந்த காலத்திலிருந்து நான் அப்படித்தான் சமைக்கிறேன். நீங்கள் இந்தியத் தமிழர், சேஷாத்ரி சேர். உங்கள் வழக்கம் கொஞ்சம் வேறாக இருக்கலாம். எங்களில் தகப்பனை இழந்தவர்கள் அன்று விரதம் இருப்பார்கள். என் மகன் அனுசன் சிறுவயதிலிருந்தே அதைத் தவறவிட்டதில்லை. காலையில் விம்பிள்டன் கோயிலில் எள்ளும் தண்ணீரும் இறைப்பான். பிறகு வீட்டுக்கு வந்து, மாலை போட்ட தகப்பனின் படத்துக்குப் படைத்துவிட்டுச் சாப்பிடுவான்.

யனுஷனின் வழக்கறிஞர் என்ற முறையில் நீங்கள் எல்லோரிடமும் ஒன்றையே கேட்கிறீர்கள்: அந்தப் பாஸ்போர்ட் அவன் கைக்கு எப்படி வந்தது? அதற்கு அந்த அமாவாசையிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

அனுசனிடம் ஒரு பழைய ஹொண்டா சிவிக் இருந்தது. அதை நிலத்தோடு ஒட்டப் பதித்து, சைலன்சரை மாற்றி, ஊதா நிறம் அடித்து வைத்திருந்தான். பாதி வேலை அவனுடைய சிநேகிதன் யனுஷன் செய்தது. பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடிந்ததும் நேரே கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்கு வந்து காருக்குக் கீழே படுத்துவிடுவான். அப்படி மாற்றிக் கட்டிய கார்களுக்கு ஜெர்மனியில் ஒரு கண்காட்சி. ஆவணியில் ஓட்டிக்கொண்டு போவதென்று அனுசனும் சிநேகிதர்களும் முடிவு செய்திருந்தார்கள். யனுஷன் மட்டும் போக முடியாது. அவனுடைய அகதி வழக்கு குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. அது உங்களுக்கே தெரியும்.

அன்று அவனும் எங்களோடு சாப்பிட்டான்.

"மச்சான், வேகத்தைக் குறைக்க கவுன்சில் ரோட்டில போட்ட திட்டியிலயே உன்ர கார் வயிறு உரசுது. ஜெர்மனிக்குப் போய்ச் சேருமோ?" என்றான்.

"அதுக்குத்தான் உன்னை வரச் சொல்லுறன். இறங்கித் தள்ளலாம்."

"என்னைத் தள்ளுறதுக்கு குரோய்டனில ஆக்கள் இருக்கினமடா."

இருவரும் சிரித்தார்கள். யாரோ போன் எடுக்க அனுசன் வெளியே போனான். யனுஷன் கை கழுவிவிட்டு வந்து படத்துக்கு முன்னால் நின்றான்.

"அன்ரி, இது ஆர்?"

"அனுசன்ர அப்பா."

அவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இவரை எனக்குத் தெரியும் அன்ரி. ஏஜென்சிக்காரன் என்னை ஜெர்மனியில, டோட்முண்டில விட்டிட்டு ஓடினாப் பிறகு இவற்ற கராஜிலதான் படுத்தனான். புருவத்தில இதே வெட்டு. லண்டனில ஒரு மகன் இருக்கிறான் எண்டு சொல்லிச் சொல்லித்தான் எனக்குச் சாப்பாடு போட்டவர்."

உண்மைதான். அனுசனின் தகப்பன் சாகவில்லை. என்னை விட்டு ஓடவும் இல்லை. நான்தான் ஜெர்மனியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அடித்தாரா என்று கேட்பீர்கள். இல்லை. குடியும் இல்லை. பிள்ளை நித்திரையில் அழுதால் அவரைத்தான் கூப்பிடுவான். நான் தூக்கினால் அழுகை கூடும். அது ஒரு தாய்க்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு விளங்குமோ தெரியாது. உயிரோடு இருக்கும் தகப்பனைப் பிள்ளை தேடிக்கொண்டே இருக்கும். இறந்தவரென்றால் ஒரு நாள் அழுகை ஓயும். ஓய்ந்தது.

"நீங்களே சொல்லிப்போடுங்கோ அன்ரி," என்றான் யனுஷன். "உயிரோட இருக்கிற மனிசனுக்கு அவன் எள்ளும் தண்ணியும் இறைக்கலாமோ?"

"நான் சொல்லாட்டி?"

"நான் சொல்ல வேண்டி வரும். அவன் என்ர சிநேகிதன்."

அவன் மிரட்டவில்லை. கண் கலங்கித்தான் நின்றான். நல்ல பிள்ளை. அதை நான் எங்கேயும் சொல்வேன்.

"நீங்கள் அங்க போய்ச் சேந்ததும் போனில சொல்லுறன்," என்றேன். "ஆனா தகப்பனைப் பாக்கேக்க அவன் தனிய நிக்கக்கூடாது. நீ பக்கத்தில நிக்கோணும்."

"எனக்கு ஏலாதே அன்ரி."

"அதை நான் பாக்கிறன்."

என் அக்காவின் மகன் பிரதாபன் எங்கள் மேல்மாடி அறையில் இருந்தான். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவன். அவனுக்கும் யனுஷனுக்கும் ஒரே நெற்றி, ஒரே மூக்கு. தமையன் தம்பியோ என்று கோயிலில் கேட்பார்கள். சாயல் ஒத்தவரின் பாஸ்போர்ட்டில் எல்லை கடப்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஜெர்மனிக்குப் போனேன். பிரதாபனின் மேசை லாச்சியிலிருந்து அவனுடையதை எடுத்து யனுஷனிடம் கொடுத்தேன்.

"பிரதாபன் ஓம் எண்டவன். ஆனா இதைப் பற்றி அவனோட ஒருத்தரும் கதைக்க வேண்டாம். பயந்த பெடியன்."

யனுஷன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "பெத்த தாய் செய்யிற வேலை அன்ரி," என்றான்.

அடுத்த கிழமை, வீட்டு வரி விஷயமாக வேண்டும் என்று பிரதாபனிடம் அவனுடைய பாஸ்போர்ட்டைக் கேட்டேன். தேடினான். நானும் கூடச் சேர்ந்து தேடினேன். காணாமற்போனால் உடனே அறிவிக்க வேண்டும், யாராவது பாவித்தால் அவனுக்குத்தான் கரைச்சல் என்று சொன்னேன். அது சரியான அறிவுரை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அவன் என் குசினியிலிருந்தே போன் எடுத்து அறிவித்தான். நான் தேநீர் ஊற்றினேன்.

அவர்கள் புறப்பட்ட காலை, நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். வழியில் சாப்பிட மாலு பணிஸ் கட்டிக் கொடுத்தேன். யனுஷன் பின் சீட்டில் இருந்து கை காட்டினான்.

டோவரில், கப்பலேறுமுன், தொலைந்ததாக அறிவித்த பாஸ்போர்ட் என்று அதிகாரிகள் அவனை இறக்கினார்கள். மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். அதன் பிறகு நடந்ததை என்னைவிட நீங்கள் அறிவீர்கள்: தடுப்பு முகாம், கெட்டுப்போன வழக்கு, விமானம். கொழும்பில் இறங்கி அனுசனுக்கு ஒரு தடவை போன் எடுத்தான். பின்னால் ஆட்கள் நிற்பதாகச் சொன்னான். அதோடு சரி. யாழ்ப்பாணத்திலிருந்து அவனுடைய தாய் இன்னமும் எங்களுக்கு எடுக்கிறா. நான்தான் ஆறுதல் சொல்கிறேன்.

பாஸ்போர்ட்டைத் தானே தந்துவிட்டுப் பிரதாபன் காட்டிக் கொடுத்தான் என்று அனுசன் நம்புகிறான். அவனைக் கைநீட்டி அடித்தும் விட்டான். பிரதாபன் சத்தியம் செய்தான், யாரும் நம்பவில்லை. அக்கா இப்போது என்னோடு கதைப்பதில்லை. நான் திருத்தப் போகவில்லை. இளம் ஆட்கள், ஒரு நாள் தாங்களாகவே சேர்ந்துகொள்வார்கள். அனுசன் காரை விற்றுவிட்டான். பின்னேரங்களில் வீட்டில்தான் இருக்கிறான். என்னோடு இருந்து சாப்பிடுகிறான்.

காரைத் திருப்புவது மட்டுமே என் நோக்கம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் காரைத் திருப்ப வேறு வழிகள் இருந்தன. நெஞ்சு நோகிறது என்று படுத்திருந்தாலே அனுசன் போயிருக்க மாட்டான். கார் லண்டனிலேயே நின்றாலும் யனுஷன் லண்டனில்தான் இருந்திருப்பான், வாயோடு. அவன் போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். எங்கே போவான் என்பதும் தெரியும். கொழும்பில் பெடியன்கள் காணாமற்போகும் செய்தியை அந்த நாட்களில் நானும் தினமும் ரேடியோவில் கேட்டுக்கொண்டுதான் சமைத்தேன்.

அவனுக்கு உதவுமென்றால் இதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்தும் வைக்கிறேன். அனுசனுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள், சேர். தகப்பன் இல்லாமல் வளர்ந்த பிள்ளை. தாங்கமாட்டான்.