எரியுதோ, அக்கா?

பழைய பீப்பா வாங்குகிறவர்கள் முதலில் மூடியைத் திறந்து மணந்து பார்க்க வேண்டும், பிள்ளை. வெளியில் எவர்சில்வர் பளபளவென்று மினுங்கும், அதை நம்பக்கூடாது. உள்ளே பழைய தோடம்பழச் சோடாவின் புளித்த இனிப்பு மணம் வந்தால் பரவாயில்லை, சுடுதண்ணீரில் சோடாத்தூள் போட்டு ஊறவிட்டால் போய்விடும். வேறு மணம் வந்தால், எவ்வளவு மலிவென்றாலும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அடி நசுங்கியிருந்தால் குறைவில்லை. வாயோரம் நசுங்கியிருந்தால் மூடி இறுகாது. பியர்க் கொம்பனியின் பெயர் பொறித்திருந்தால் அது கொம்பனியின் சொத்து. விற்கிறவன் களவாகத்தான் விற்கிறான். இதெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவன் என் தம்பி கஸ்பர். நேர்மையான பிள்ளை அவன்.

நீர் அந்தத் தேத்தண்ணீரைக் குடியும், ஆறிப்போகிறது. பக்கத்தில் நிற்கிற பொலிஸ் தம்பிக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போடும். நான் சொல்வதை அவருக்கு இங்கிலீசில் சொல்வது உம்முடைய வேலை என்று விளங்குகிறது. ஆறுதலாகவே சொல்கிறேன். சிவகௌரி என்றுதானே பெயர் சொன்னீர்? நல்ல பெயர்.

நீங்கள் இரண்டு பேரும் பெர்னடெற்றைத் தேடி வந்திருக்கிறீர்கள். என் தம்பியின் மனுசி. நேற்று ரொறன்ரோவில் அவளுடைய அண்ணன் கிறிஸ்துநாயகம் விமான நிலையத்துக்குப் போய்க் காத்து நின்றாராம், அவள் வந்து இறங்கவில்லையாம். சூட்கேசுகள் இன்னும் இந்த விறாந்தையிலேயே நிற்கின்றன, வரும்போது நீர் காலில் இடித்துக்கொண்டீர். அவள் எங்கே என்று கேட்கிறீர்கள். சொல்வேன். பீப்பாவில் இருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

கஸ்பருக்கு இங்கே லண்டனில் பஸ் டிப்போவில் வேலை. ஷிப்ட் இல்லாத நாட்களில் பியர் வடிப்பான். விற்பதற்கு இல்லை, எங்கள் ஆட்களின் கலியாணத்துக்கும் புதுநன்மை விருந்துக்கும் சும்மா கொடுப்பதற்கு. புதுப் பீப்பா வாங்க வசதி காணாது. பப் ஒன்று மூடப்போகிறது, சோடாக் கடை ஒன்று பழைய சாமான் கழிக்கிறது என்று கேள்விப்பட்டால் டூட்டிங் என்ன, நோர்பரி என்ன, ஓடுவான். கெக் என்பார்கள் அதை. இடுப்பளவு உயரம், பால் கானைப் போல இருக்கும். தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே வீட்டடிக்கு வந்து இறங்குவான். கோயில் மண்டபத்தில் ஆட்கள் பகிடி பண்ணுவார்கள்.

"கஸ்பர் அண்ணை, உங்கடை பியர் இல்லையெண்டால் சுவாமியாரே ஆசீர்வாதத்தைச் சுருக்கிப் போடுவார்."

"அவருக்கு ஒரு கிளாஸ் முதலே குடுத்திட்டன். பாரும், எவ்வளவு நீட்டுறாரெண்டு," என்பான் அவன்.

வளையம் மாற்றுவது என் பொறுப்பு. பீப்பாவின் மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய பீப்பா என்றால் அந்த வளையம் காய்ந்து வெடித்திருக்கும், வாங்கி வந்த உடனே புதிது போட வேண்டும். இதே மேசையில், நீர் இருக்கிற இடத்தில் இருந்துதான் போடுவேன். பழையதை நகத்தால் கிளப்பி எடுத்து, புதியதைச் சுடுதண்ணீரில் இளக்கி, விரலால் தடவித் தடவி உட்கார வைப்பேன். "அக்காவின்ரை கை பட்டால் காத்துக்கூட வெளியாலை போகாது," என்று கஸ்பர் பெருமையாகச் சொல்வான். நான் போட்டதை அவன் ஒருநாளும் திறந்து பார்த்தது கிடையாது.

இந்த வீட்டுக்குக் கீழே ஒரு நிலவறை இருக்கிறது. அங்கேதான் பியர் வடிப்பான், அங்கேதான் பீப்பாக்களும் காஸ் சிலிண்டரும். பியருக்கு நுரை கொடுக்கிற காஸ் அது. மணமில்லை, நிறமில்லை. காற்றைவிடக் கனம் என்பதால் கசிந்தால் தண்ணீர் மாதிரி அடியில் இருந்து நிறைந்து ஏறும். எங்கள் தகப்பன், அப்பு, ஊரில் இளவாலையில் கிணறு சேறள்ளுகிறவர். கிணற்றுக்குள்ளும் இப்படிக் கெட்ட காற்று நிற்கும். ஆள் இறங்கமுதல் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள்; லாம்பு அணைந்தால் ஒருவரும் இறங்க மாட்டார்கள். கஸ்பர் லண்டனிலும் அதை விடவில்லை. படி பாதியில் வளைகிறபடியால் மேலே நிற்கிறவருக்கு அடித்தளம் தெரியாது. பீப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் கதவடியில் நிற்பான். நான் வளைவு வரைக்கும் போய், கயிற்றைப் படியின் கைப்பிடிக் கம்பியில் மாட்டி லாம்பை இறக்குவேன்.

"எரியுதோ, அக்கா?"

"எரியுது தம்பி."

பிறகுதான் இறங்குவான். அணைந்தால், வாசலோரம் அந்தக் காலத்தில் நிலக்கரி கொட்டுவதற்கு வைத்த இரும்பு மூடியைத் திறந்துவிட்டுக் காத்திருப்போம். பெர்னடெற் சிரிப்பாள், லண்டனில் கிணறு வெட்டியிருக்கிறீர்கள் என்று.

நான் பயந்த சுபாவம், பிள்ளை. எண்பத்தைந்தில் கஸ்பர் என்னை இங்கே கூப்பிட்டு எடுத்தான். வந்த புதிதில் ஒருநாள் அவனும் பெர்னடெற்றும் வேலைக்குப் போய்விட்டார்கள். தெருவில் நாலைந்து பொடியன்கள் வந்து கதவை உதைத்தார்கள். கடிதம் போடுகிற துவாரத்தைத் திறந்து உள்ளே பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அந்தத் துவாரத்தில் ஒரு வாயும் பல்லும் மட்டும் தெரிந்தது. நான் இந்த மேசைக்குக் கீழே போய் இருந்துகொண்டேன். கஸ்பர் வந்து பார்த்தபோதும் அங்கேதான் இருந்தேன். என்னைத் தூக்கி நிறுத்தி, தலையைத் தடவி, "உங்களைத் தனிய விட்டிட்டு நான் எங்கையும் போக மாட்டன் அக்கா," என்றான். அம்மா செத்த பிறகு அவனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் நான். அவன் சொன்னால் சொன்னதுதான் என்று இருந்தேன்.

பிறகு எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கனடா ஆசை பிடித்துக்கொண்டது. அவனுக்கும்தான்.

"நாங்கள் முதல்ல போறம் அக்கா. பேந்து உங்களைக் கூப்பிடுறம்."

"அதுமட்டும் நான் எங்கை இருக்கிறது?"

"கவுன்சிலிலை ஒரு சின்ன ஃபிளாட் கேட்டிருக்கிறன், நோர்பரியிலை. பக்கத்திலை எங்கடை ஆக்கள் இருக்கினம். ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ."

நான் ஓம் என்றேன். அவனோடு சண்டை பிடிக்கவில்லை. எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியாது.

அவன் செத்த பிறகு நடந்த மரண விசாரணையில் என்ன எழுதினார்கள் என்பது இந்தப் பொலிஸ் தம்பிக்குத் தெரிந்திருக்கும். மலிவாக வாங்கிய பழைய பீப்பா, அதில் வெடித்துப்போன வளையம், இரவிரவாகக் காஸ் கசிந்திருக்கிறது, ஆள் கவனமில்லாமல் இறங்கிவிட்டார் என்று. சரிதான், வளையம் வெடித்ததுதான். புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டது நான். குப்பைக் கூடையில் இருந்து எடுத்து, கழுவித்தான் போட்டேன். அவன் அந்தப் பீப்பாவைச் சிலிண்டரோடு பூட்டிவிட்டுப் படுக்கப் போனான். இரும்பு மூடியின் மேல் நான் ஒரு சாக்கை விரித்துவிட்டேன். மழை வரும்போல இருந்தது.

காலையில் பெர்னடெற் வேலைக்குப் போன பிறகு, கழுவிய பீப்பா ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு கஸ்பர் கதவடியில் வந்து நின்றான். நான் வளைவுக்குப் போய் லாம்பை இறக்கினேன். நிலத்தில் இருந்து ஆள் உயரத்திலேயே சுடர் நீலமாகிச் சுருங்கி அணைந்தது. புகைகூட எழும்பவில்லை. நிலவறையில் மின்விளக்கு எரிந்தது, எல்லாம் வடிவாகத் தெரிந்தது.

"எரியுதோ, அக்கா?"

நான் கயிற்றைக் கம்பியில் இறுக்கிக் கட்டினேன். அந்த நேரத்தில் அவன், போகவில்லை அக்கா, கனடாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"எரியுது தம்பி," என்றேன்.

என்னை விலத்திக்கொண்டு இறங்கினான். அவன் உடம்பில் சவர்க்கார மணம் வந்தது. அடிக்குப் போய்ப் பீப்பாவை இறக்கி வைக்கக் குனிந்தவன், கம்பியில் தொங்கிய லாம்பைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "அக்கா" என்று சொல்ல வந்தான் என்று நினைக்கிறேன். வாய் அப்படித்தான் திறந்தது. எனக்குச் சரியான பயமாகப் போய்விட்டது, பிள்ளை. மேலே ஓடி வந்து கதவைச் சாத்தினேன். காஸ் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாதே.

செத்தவீட்டில் எல்லோரும் அவனைத்தான் குறை சொன்னார்கள். மலிவு பார்த்து வாங்கி உயிரைக் கொடுத்துவிட்டான் என்றார்கள். லாம்பு பிடிக்க என்னைக் கூப்பிடாமல் இறங்கிவிட்டான் என்று நான்தான் சொன்னேன். அவனைப் பற்றி அப்படிப் பேசினது எனக்கு மனவருத்தம். ஆனால் அவன் போகவில்லை. அவனைப் புதைத்த சவக்காலை இங்கே பக்கத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய பெர்னடெற்றும் நானும் பஸ்ஸில் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவோம். நல்ல காலம் அது. பெர்னடெற் என் கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுக்கொண்டு படுப்பாள். இரவில் முழித்தால் அவள் மூச்சுக் கேட்கும்.

கீழே அவனுடைய சாமான்களை ஒருவரும் தொடவில்லை. நான் மட்டும் இடைக்கிடை போய்த் துடைத்து வைப்பேன். சிலிண்டர் முடிந்தால் புதியது எடுப்பித்து வைப்பேன். ஏன் என்று பெர்னடெற் கேட்டாள். கஸ்பரின் சாமான் வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்றேன். அழுதுவிட்டாள், பாவம்.

தொண்ணூற்றிநாலு பிறந்ததும் கிறிஸ்துநாயகம் ஒவ்வொரு சனிக்கிழமையும் போன் எடுக்கத் தொடங்கினார். வா தங்கச்சி, வா தங்கச்சி என்று. அவள் வீட்டை விற்றாள். எனக்கு அதே நோர்பரி, அதே சின்ன ஃபிளாட். பீப்பாக்களை யாரோ ஒரு வெள்ளைக்காரன், வீட்டில் பியர் வடிக்கிறவன், மலிவாகக் கேட்டிருந்தான். நேற்று மத்தியானம் வந்து எடுப்பதாக ஏற்பாடு. காலையிலேயே அவற்றை மேலே கொண்டுவந்து வைத்துவிட்டால் விமானத்துக்கு நிம்மதியாகப் போகலாம் என்று அவள் நினைத்தாள். கீழே இறங்க அவளுக்குப் பயம். கஸ்பர் செத்த பிறகு அவள் இறங்கினதே இல்லை.

"மச்சாள், ஒருக்கா லாம்பைப் பிடியுங்கோவன். நான் அவரை மாதிரி அவசரப்பட மாட்டன்."

"நான் பிடிக்கிறன். நீர் பயப்பிடாதேயும்," என்றேன்.

சிலிண்டரை நான் விடியவே திறந்து விட்டிருந்தேன். வாதம் பிடித்த இந்தக் கையால்கூடத் திறக்க முடிகிறது. லாம்பு வளைவைத் தாண்டின உடனேயே அணைந்துவிட்டது. பெர்னடெற் மேலே நின்று கேட்டாள்.

"எரியுதோ, மச்சாள்?"

நான் யார்மேலும் கை ஓங்கினவள் கிடையாது, பிள்ளை. ஊரிலும் சரி, இங்கேயும் சரி. கேட்டதற்கு ஒரு சொல் சொன்னேன், அவ்வளவுதான். வெள்ளைக்காரன் மத்தியானம் வந்து மணியை அடித்தான். நான் மேசைக்குக் கீழே போய் இருந்தேன். அவன் போய்விட்டான். இரவு தனியாகப் படுக்கப் பயமாக இருந்தது, தலையணையை எடுத்துக்கொண்டு போய் நிலவறைக் கதவோடு படுத்தேன். கீழே அவள் இருக்கிறாள் என்ற துணிவு. கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டும் இருந்தேன். ஆனால் மூச்சுக் கேட்கவில்லை. அதுதான் பிறகு நித்திரை வரவில்லை.

பொலிஸ் தம்பி கதவடிக்குப் போகிறார். நிற்கச் சொல்லும். முதலில் வாசலோரத்து மூடியைத் திறந்து, காற்றுப் போக விட வேண்டும். அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. லாம்பு எரியுதோ என்று இப்போது நீர் கேட்டால் உள்ளதைச் சொல்வேன். எரியவில்லை. கஸ்பர் இறங்கியபோதும் எரியவில்லை, பெர்னடெற் இறங்கியபோதும் எரியவில்லை. இரண்டு முறையும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் எரியுது என்று சொன்னேன்.

ஏன் எழும்புகிறீர்? இரும். உம்முடைய கை நன்றாகக் குளிர்ந்துபோய் இருக்கிறது, கொஞ்சம் என் கைக்குள்ளேயே இருக்கட்டும். அங்கே கொண்டுபோனால் தனி அறையில் போடுவார்களாம். அது மட்டும் வேண்டாம் என்று அவரிடம் சொல்லும். நீர் என்னோடு வாரும். என் பக்கத்தில் ஒரு கட்டில் போட்டுத் தருவார்கள். நான் உம்மை நன்றாகப் பார்த்துக்கொள்வேன், என் பிள்ளை மாதிரி. போகப்போகிறேன் என்று மட்டும் என்னிடம் சொல்லாதேயும்.