பாகூர் பஸ்ஸில் ஒன்பதாம் மாசம்

ஐயோ சிஸ்டர், பீப்பியெல்லாம் எதுக்கு! மொதல்ல இந்த பெல்ட்ட கழட்டி வுடுங்க. வலியா? வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல! வயிறுதான்... ஆனா என் வயிறு இல்ல. அமுக்கிப் பாருங்க. ரப்பரு!

சிரிக்காதீங்க. எனக்கு நாப்பத்தாறு வயசு. பேரு செல்வகுமாரி. வில்லியனூர் பக்கத்துல நர்சிங் காலேஜி இருக்குல்ல, அதுல லேப் அட்டெண்டர். பொண்ணுங்க பிரசவ வார்டுக்குப் போறதுக்கு முன்ன, நான் இத கட்டிக்கினு படுத்து 'அம்மா, முடியலையே'ன்னு கத்துவேன். உள்ள பொம்மக் கொழந்த, கூட ஒரு தண்ணிப் பை. அதுங்க என் கையப் புடிச்சி தைரியம் சொல்லி, பொம்மைய எடுக்கணும். நான் கத்துற கத்துல போன வருசம் ரெண்டு பொண்ணுங்க அழுதே வுட்டுதுங்க. அப்பிடி ஒரு நடிப்பு!

இன்னிக்கு பத்து மணிக்கு டெஸ்ட்டு. பாஸானாதான் திங்கக்கெழம வார்டுக்கு வுடுவாங்க. காலேஜுக்கே இருக்கறது இந்த ஒரு வயிறுதான்! பன்னெண்டு பொண்ணுங்க காத்துக்கினு கெடக்குதுங்க. மணி இன்னா? ஒம்போதே காலா! ஐயையோ...

இந்த வயித்தோட வாரு அறுந்துபோச்சின்னு, தையல் மிஷினு வச்சிருக்கற எங்க நாத்தனார் வூட்டுக்கு, பாகூருக்கு எடுத்துக்கினு போனேன். தெச்சி, பை ஒழுவுதான்னு தண்ணி ஊத்திப் பாத்து, தண்ணியோட அப்பிடியே கெளம்பிட்டேன். கையில தூக்க முடியல, கனமோ கனம். அதான் பொடவைக்குள்ள கட்டிக்கினேன்.

பஸ்ஸுல சரியான கூட்டம். ஆனா மரியாதைய பாக்கணுமே! 'வழி வுடுங்க, வழி வுடுங்க'ன்னு... சீட்டும் கெடச்சிது. பக்கத்துல காசம்மான்னு ஒரு அம்மா. 'இந்த வயசுல கடவுள் கண்ணத் தொறந்துட்டாரு'ன்னு என் கன்னத்தக் கிள்ளிட்டு, எத்தினி மாசம்னாங்க. இந்த வாயி சும்மா இருக்குதா? ஒம்போதுன்னேன்! மசக்கையில மாங்காயா தின்னேன்னு வேற அளந்து வுட்டேன்.

அந்த நேரம் ஸ்பீட் பிரேக்கர் மேல ஏத்தினாரு பாருங்க டிரைவரு... தண்ணிப் பையோட மூடி தெறிச்சி, சீட்டெல்லாம் தண்ணி! 'பனிக்குடம் ஒடஞ்சிப்போச்சி'ன்னு காசம்மா கத்துது, பஸ்ஸே கத்துது. 'இல்லம்மா, இது பொம்ம'ங்கறேன், 'பாவம், வலியில ஒளறுது'ங்கறாங்க! டிரைவரு ரூட்ட வுட்டு நேரா இங்க ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிறுத்திட்டாரு. கண்டக்டரு எங்க வூட்டுக்காரருக்கு போன் போட்டு 'ஒங்க சம்சாரத்துக்கு வலி கண்டுடுச்சி'ன்றாரு. கரும்பு வெட்டிக்கினு இருந்த மனுசன், 'ராங் நம்பரு'ன்னு வச்சிட்டாரு!

இல்ல சிஸ்டர்... தூக்க முடியலன்னு சொன்னது பொய்யி. ஒரு கட்டப் பையில போட்டு எடுத்தாந்திருக்கலாம். உக்கார எடம் கெடைக்கும்னுதான் கட்டிக்கினேன். சத்தியமா அதான்.

அந்த சீட்டு இருக்குதே... ஆசிபான்னு ஒரு சின்னப் பொண்ணு எழுந்து குடுத்துது. துப்பட்டாவ இழுத்துப் போத்திக்கினு இருந்துதா, நான் கவனிக்கல. தண்ணி கொட்டுனப்போ ஓடியாந்து என்னத் தாங்கிப் புடிச்சிது. அப்பதான் அதோட வயிறு என் மேல பட்டுது. ஏழு மாசம் இருக்கும் சிஸ்டர். அது நெச வயிறு! அர மணி நேரமா எனக்காக கம்பியப் புடிச்சிக்கினு நின்னிருக்குது. எனக்கு வெக்கமாப் போச்சி, அழுகையே வந்துடுச்சி. அதுக்கும் வலின்னுதான் நெனச்சிக்கினாங்க.

இப்பவும் வெளியதான் நிக்குது, எனக்கு நல்லபடியா பொறக்கணும்னு துவா கேட்டுக்கினு. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குது. டெஸ்ட்டு கொஞ்சம் நேரமானா ஆவட்டும்... நான் எறங்கிக்கறேன், இந்தக் கட்டில்ல அதப் படுக்க வைங்க. போயி கூப்புடுங்க சிஸ்டர். என் வயிறு பொய்யின்னு நானே அதுகிட்ட சொல்லிடறேன், திட்டுனா திட்டட்டும்.