சொராய்தாவின் காலி அலமாரி

சொராய்தாவின் மின்விசிறி மூன்றாம் வேகத்தில் மட்டும் கடகடக்கும். இரண்டில் வைத்தால் நன்றாகத் தூங்கலாம். பதினோரு வருடமாக அது என் கட்டிலருகில்தான் இருக்கிறது.

ஹவானா பயிற்சி முகாமில் எல்லோருக்கும் அவளை ஏன் அவ்வளவு பிடித்தது என்று கேட்டீர்கள். கேட்டதைக் கொடுப்பாள், அவ்வளவுதான். வெளிநாட்டுப் போட்டிக்குப் போய் வந்தால், குண்டை எவ்வளவு தூரம் எறிந்தாள் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். அவள் பையைத்தான் பார்ப்பார்கள். பளுதூக்கும் ரெய்னியரின் மகளுக்கு ஆஸ்துமா மருந்து, உயரம் தாண்டுபவளுக்கு ஆணிக் காலணி. போட்டி நாள் காலையில் ஓட்டக்காரிகள் தலை பின்னிக்கொள்ள அவள் அறை வாசலில் காத்திருப்பார்கள்.

"அசையாதடி ஒல்லி. குண்டைவிட உன் மண்டை கனமா இருக்கு" என்பாள். நூறு கிலோ இருந்த என்னையும் ஒல்லி என்றுதான் கூப்பிடுவாள்.

நானும் குண்டு எறிபவள். அவளுக்கு அடுத்த இடம். அந்த வருடம் மாட்ரிட் போட்டிக்கு ஒருத்திதான் போக முடியும். எனக்கு முப்பத்திரண்டு வயதாகியிருந்தது.

பயணத்துக்கு நான்கு நாள் முன்பு, அணியை அழைத்துப் போகும் அதிகாரியைப் பார்த்தேன். "அவ சாமானையெல்லாம் எல்லாருக்கும் குடுத்துட்டா, தோழர். எனக்குக் கவலையா இருக்கு" என்றேன். எங்கள் நாட்டில் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலேயே தங்கிவிட முடிவு செய்தவர்கள்தான் அப்படிக் கொடுத்துவிட்டுப் புறப்படுவார்கள்.

அவர் அவளுடைய அலமாரியைத் திறந்தார். ஒரு துண்டும் நான்கு ஹேங்கர்களும் இருந்தன.

"எல்லாம் எங்கே?"

"கேட்டாங்க, குடுத்தேன்." சொராய்தா சிரித்தாள். "நான் திரும்பி வரலைன்னா இதுங்களுக்கு யாரு தலை பின்னுவா?"

அவர் சிரிக்கவில்லை.

செய்தி பரவியதும் அவளைக் காப்பாற்ற முகாமே திரண்டது. பானை, காலணி, வானொலி, போர்வை என வாங்கியதைக் கையில் பிடித்துக்கொண்டு அதிகாரியின் அறை முன் வரிசையாக நின்றார்கள். ரெய்னியர் தான் வாங்கிய குக்கரை அவர் மேசைமேல் வைத்தான். "இந்தாங்க தோழர். எல்லாம் இரவல்தான்." அதிகாரி எட்டி, வரிசை எதுவரை நிற்கிறது என்று பார்த்தார். பிறகு பயணப் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தார்.

அதற்குப் பிறகு அவளை எந்தப் பயணத்திலும் சேர்க்கவில்லை. இப்போது மாத்தான்சாஸில் ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறாள்.

மாட்ரிட்டுக்கு நான் போனேன். புறப்பட்ட காலையில் அவள்தான் எனக்குத் தலை பின்னினாள். "நல்லா எறிடி, ஒல்லி" என்றாள். நான் ஏழாவதாக வந்தேன்.

அதிகாரியிடம் நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, "சொராய்தாகிட்ட கேளு, இல்லைன்னு சொல்ல மாட்டா" என்று அனுப்பிவைத்தது நான்தான். அம்மாவுக்கு வேண்டும் என்று மின்விசிறியை முதலில் வாங்கிக்கொண்டதும் நான்தான். அலமாரி காலியாகும்வரை காத்திருந்தேன்.

அந்த வரிசையில் மட்டும் நான் நிற்கவில்லை. மின்விசிறியும் சேர்ந்திருந்தால் அவளுக்கு இன்னும் பாதகமாகப் போயிருக்கும். அந்த அளவுக்காவது அவளுக்கு நல்லது செய்தேன்.