டானியின் பீப்பாய்

பீருக்கு நுரை கட்ட இரண்டு வழி உண்டு. எஃகுப் பீப்பாயில் கொஞ்சம் சர்க்கரை போட்டு இறுக மூடி, சில வாரம் தொடாமல் இருப்பது ஒன்று. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று தன்பாட்டுக்கு நுரையை உண்டாக்கிக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு கேஸ் சிலிண்டரைச் செருகி, அழுத்தத்தை ஏற்றி, பீப்பாயை மடியில் போட்டு ஆட்டி, அரை மணியில் குடித்துவிடுவது இன்னொன்று. நானும் என் மகள் டானியும் முதல் கட்சி. என் கணவர் க்ளைவ் இரண்டாவது.

"உன் பீர் பதத்துக்கு வர்றதுக்குள்ள எனக்குச் சவப்பெட்டி வந்துடும் ரோனா" என்பார். எங்கள் ஊர் ரென்மார்க்கில் நண்பர்கள் எல்லோரும் இதற்குச் சிரித்திருக்கிறார்கள். நானும்தான்.

ஜூலையில் டானி ஒரு கறுப்பு பீர் காய்ச்சினாள். சர்க்கரையை அவளே அளந்து போட்டாள். "அம்மா, அக்டோபர்ல என் பொறந்தநாள் வரைக்கும் அப்பா கை இதுல படக்கூடாது. நீதான் காவல்" என்றாள். பன்னிரண்டு நாள் கழித்து நெடுஞ்சாலையில் ஒரு லாரி அவள் காரில் மோதியது. அவள் போனது பீப்பாய்க்குத் தெரியாது. அவள் போட்ட சர்க்கரையைத் தின்று உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருந்தது. தினமும் காலையில் கொட்டகைக்குப் போய் அதன் மேல் கை வைத்துவிட்டு வருவேன். வேறு என்ன செய்ய எனக்குத் தெரியும்?

செப்டம்பரில் கால்பந்து இறுதி ஆட்டத்தன்று அக்கா வீட்டிலிருந்து திரும்பினேன். பீப்பாய் காலி.

"ஆளுங்க வந்துட்டாங்க, வேற பீர் இல்ல. கேஸ் ஏத்தி ஆட்டினேன், நல்லாத்தான் இருந்துச்சு. பீர்தானே ரோனா, விடு."

எனக்கு அழவும் வரவில்லை. பீப்பாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை நல்ல வெயில். கசாப்புக் கடையிலிருந்து வாங்கிய பழைய குளிர் அறை ஒன்று எங்கள் கொட்டகையில் இருக்கிறது. சிலிண்டர் அதற்குள்தான். தன் பீருக்குக் கேஸ் ஏற்ற க்ளைவ் உள்ளே போனார், நானும் கூடப் போனேன். க்ளைவ் முழங்கால் வலிக்காரர். பால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துதான் பீப்பாயை ஆட்டுவார். குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் கேஸ் கசிகிறதா என்று பார்ப்பது எப்போதும் என் வேலை. அன்று தடவியதும் குமிழி குமிழியாகக் கிளம்பியது.

"கசியுதா?"

"இல்ல."

அடைத்த அறையில் அந்தக் கேஸ் நிறைந்தால் ஆள் தாங்காது என்று பீர் காய்ச்சுகிற எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் என் வார்த்தையை நம்பினார். வெளியே வந்து, குளிர் போய்விடுமே என்று கதவைச் சாத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டும் சத்தம் நின்றது. "ரோனா, தலை சுத்துது. கதவு தொறக்க மாட்டேங்குது." பிறகு, "செல்லம், சீக்கிரம் வாயேன்." கல்யாணமான புதிதில்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார். கேட்க மனசு தாங்கவில்லை.

அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது, உள்ளேயிருந்து தள்ளினால் திறந்துவிடும் என்கிறீர்கள். உண்மைதான். நான் ஏன் உதவவில்லை என்று கேட்கிறீர்கள். எப்படி உதவுவேன்? நான்தான் தோளைக் கொடுத்துக் கதவை அழுத்திக்கொண்டிருந்தேனே. கை ஒழியவே இல்லை.