போற தேதி

வேணாங்க, அந்தக் கட்டத்த அப்படியே விட்டுடுங்க. பேரு எழுதிட்டீங்க, வந்த தேதி எழுதிட்டீங்க, போதும். போற தேதிய போறப்ப நீங்களே எழுதிக்கலாம். இல்லல்ல, நான் எழுத மாட்டேன். முன்னாடியெல்லாம் நானே எழுதிடுவேன். இப்ப எழுதறதில்ல.

காலைச் சாப்பாடு எப்பவும் எட்டு மணிக்கு. நாளைக்கு மட்டும் ஏழு. பதினோரு மணிக்கு எனக்கு ஒரு வேல இருக்கு.

உங்களுக்கு அஞ்சாம் நம்பர் தர்றேன். ஜன்னல்லேருந்து ஆத்துத் தண்ணி தெரியாது, ஆனா சத்தம் நல்லாக் கேக்கும். மூணா? சாவி தொங்குதுன்னா காலின்னு அர்த்தம் இல்லீங்க. அதுல ஆள் இருக்காங்க.

ஷூவ அந்த மூலைல விட்டுட்டு வந்து உக்காருங்க. காபி சூடா இருக்கு. பட்டை போட்ட பன்னு, எதிர்க்கட ருனே போட்டது. எடுத்துக்குங்க. பதினாலு வாங்கினேன். நாளைக்கு வர்ற நாலு பேருக்கு எட்டு, உங்களுக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு. மிச்சம் ரெண்டு மூணாம் நம்பருக்கு.

யாருன்னா... சிக்னேன்னு பேரு. கோத்தன்பர்க்காரங்க. டிராம்ல ஜனங்க மறந்துட்டுப் போற சாமான எடுத்து வெக்கிற ஆபீஸ் இருக்கில்ல, அங்க வேல. கொடை, கையுறை, ஒரு தடவ ஒரு முழு பல் செட்டு. அதத் தேடி யாருமே வரலியாம். தொலைச்சவங்க பாதிப் பேரு கேக்கவே வர மாட்டாங்க அல்கோத், வெக்கப்பட்டுக்கிட்டே விட்டுடுவாங்கம்பாங்க. ஆமா, அல்கோத் நான்தான்.

வருஷா வருஷம் செப்டம்பர் நாலாந்தேதி, ரெண்டு நாப்பது பஸ்ல வந்து எறங்குவாங்க. ஒரே பெட்டி, காப்பிக் கலரு. மூணாம் நம்பர், ஒம்பது ராத்திரி. பதினெட்டு வருஷம் அப்படி. நூத்தி அறுபத்தி ரெண்டு ராத்திரி. நான் எண்ணாம எதையும் விட்டதில்ல. நாலாங்கிளாஸ் வாத்தியார் எனக்குக் கணக்கு மட்டுந்தான் வரும்னு சொன்னாரு, சரியாத்தான் சொன்னாரு.

மத்தியானம் மூணு மணிக்கு ஆத்தங்கர பெஞ்சுல காபி குடிப்போம். அவங்க அந்த ஓரம், நான் இந்த ஓரம். என்ன பேசினோம்னா, பெரிசா ஒண்ணும் இல்லீங்க. தண்ணி போன வருஷத்த விடக் கொறைச்சல்னு நான் சொல்லுவேன். ஆமாங்க, ஒரு சாண் இருக்கும்பாங்க. சரியா ஒரு சாண்தான் இருக்கும்! ருனே சைக்கிள்ல போறப்பல்லாம் கத்துவான். டேய் அல்கோத், நடுவுல யாருக்குடா எடம் விட்டு வெச்சிருக்க, பாதிரியாருக்கா? அப்புறம் தனியாப் பிடிச்சுக்குவான், இன்னிக்கு எத்தன வார்த்தடா பேசினன்னு. பதினொண்ணும்பேன். முன்னேறிட்டடாம்பான். அவங்க காது செவந்துடும். எனக்கும்தான்.

கேட்டிருக்கலாம்தான். நீங்க சொல்றீங்க, ருனேவும் சொன்னான். அடுத்த வருஷம் கேக்கலாம், அடுத்த வருஷம் கேக்கலாம்னு இருந்துட்டேன். கெளம்பறப்ப அவங்களும் அதையேதான சொல்லுவாங்க, அடுத்த வருஷம் பாப்போம்னு.

போன செப்டம்பர் வந்து எறங்கறாங்க, நாலு பெட்டி. ஒண்ணு இல்லீங்க, நாலு. நான்தான் ரெண்டு நடையாத் தூக்கினேன். வேலைய விட்டுட்டேன் அல்கோத், வயசாச்சில்லன்னாங்க. நல்லதுங்கன்னேன். பெட்டியப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. அடுத்தவங்க மூட்டைய எண்ணி இது எதுக்குன்னு கேட்டா, எத்தன நாள் இங்க இருக்கப் போறன்னு கேட்ட மாதிரி ஆயிடாது? நம்ம ஊர்ல யாரு கேப்பா?

இதே புத்தகத்துலதான் எழுதினாங்க. பேரு, வந்த தேதி. போற தேதி எழுதல. பேனாவ மூடி வெச்சுட்டு என் மொகத்தப் பாத்தாங்க. பன்னு வேணும்போல இருக்குன்னு நெனச்சு தட்ட நகத்தி வெச்சேன்.

ராத்திரி கணக்கு முடிக்கறப்பதான் அந்தக் காலிக் கட்டம் கண்ணுல பட்டுது. மறந்துட்டாங்க பாவம்னு நெனச்சேன். நாலும் ஒம்பதும் பதிமூணு. நானே எழுதிட்டேன். அழகா, கோட்டுக்குள்ள.

காலைல வந்து பாத்தாங்க. நீங்களே எழுதிட்டீங்களான்னாங்க. ஆமாங்க, வழக்கம்போல ஒம்பது ராத்திரின்னேன். சரி, வழக்கம்போலன்னாங்க. அன்னிக்கும் மூணு மணிக்கு வந்தாங்க, அதே ஓரத்துல உக்காந்தாங்க. தண்ணியப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லல. சளி பிடிச்சிருக்கும்னு நெனச்சேன்.

பதிமூணாந்தேதி நாலு பெட்டியையும் நான்தான் பஸ்ல ஏத்தினேன். அடுத்த வருஷம் பாப்போம்னு சொல்லல. ரொம்ப நன்றி அல்கோத்துன்னாங்க. அவ்வளவுதான்.

மூணு நாள் கழிச்சு வரி ஆபீஸ்லேருந்து ஒரு கடுதாசி. அவங்க பேருக்கு, இந்த விலாசத்துக்கு. பிரிக்கலீங்க, அடுத்தவங்க கடுதாசிய நான் பிரிக்க மாட்டேன். ஆனா வரி ஆபீஸ் ஏன் எழுதும்னு உங்களுக்கும் தெரியும், யாரு எங்க குடியிருக்காங்கங்கற பதிவெல்லாம் அங்கதான. வீடு மாத்திக்கிட்டேன்னு எழுதிக் குடுத்தா, புது வீட்டுக்கு அனுப்புவாங்களே, அதேதான். அப்புறம் பென்சன் ஆபீஸ்லேருந்து, பல் டாக்டர்கிட்டேருந்து, அப்படி பதினோரு கடுதாசி. அத்தனையும் மூணாம் நம்பர் மேசைல இருக்கு, தேதிவாரியா.

தேடாம இருப்பனா? அவங்க கோத்தன்பர்க் வீட்டுப் போன் அறுந்து கெடந்துது. வரி ஆபீசுக்குப் போன் பண்ணினேன். முப்பத்தோரு வருஷத்துல ஒரு ஆபீசுக்கு நானாப் போன் பண்ணினது அது ஒண்ணுதான். இந்தம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு தட்டிப் பாத்துட்டு, இந்த வீட்டு விலாசத்தையே எனக்குப் படிச்சுக் காட்டுது. ஆத்தங்கரத் தெரு, ஏழுன்னு. எழுதிக்கிட்டீங்களா சார்னு வேற கேட்டுது. எழுதிக்கிட்டேன்மான்னு சொல்லி வெச்சுட்டேன்.

எந்த ஊருக்குப் போனாலும் அங்கேன்னு மாத்தி எழுதிக் குடுத்திருப்பாங்கதான? அவங்க மாத்தல. மறந்தாங்களா, வேணும்னே விட்டாங்களா, அது தெரியல. அவங்க எதையும் மறக்கற ஆள் கெடையாது. அதனால குளிர்காலம் பூரா ரெண்டு நாப்பது பஸ்சுக்குப் போய் நின்னேன். ஆறு ஒறைஞ்சு போச்சு, பெஞ்சு மேல முழங்கால் ஒசரம் பனி. ரெண்டு ஓரத்தையும் தள்ளி வெச்சேன். ருனே பாத்துக்கிட்டே நின்னான், கிண்டல் பண்ணல. மறுநாள் மம்மட்டி எடுத்துட்டு வந்து நடுவுல இருந்தத அவன் தள்ளிட்டான்.

எப்ப வருவாங்களா? நாளைக்குத்தாங்க. அதான் சொன்னனே, பதினோரு மணி. தங்கச்சி எடுத்துட்டு வர்றாங்க. போரோஸ்ல அந்தத் தங்கச்சி வீட்டுலதான் இருந்திருக்காங்க, மார்ச் மாசம் தூக்கத்துல போயிட்டாங்களாம். ஏப்ரல்லதான் கடுதாசி வந்துது. அக்கா பேரு உங்க ஊர்லதான் பதிவாயிருக்கு, அதனால கல்லறைல எடமும் அங்கதான், உங்களுக்கு ஆட்சேபணை இருக்கான்னு. இல்லைன்னு எழுதினேன். நாலு தடவ எழுதிப் பாத்து, கடைசில அந்த ஒரு வார்த்ததான் அனுப்பினேன். ஒறைஞ்ச மண்ணு எளகணும்னு மே மாசம் வரைக்கும் சாம்பல வெச்சிருந்தாங்க.

நாலு பேருதான். தங்கச்சி, அவங்க வீட்டுக்காரரு, ருனே, அப்புறம் பாதிரியார்.

ஆமா, அந்தப் பக்கந்தான். முப்பத்தோரு வருஷப் புத்தகத்துல ஒரே ஒரு அடிச்சல், அத நீங்க பாத்துட்டீங்க. பதிமூணுன்னு நான் எழுதினத நானே அடிச்சேன், வரி ஆபீஸ் கடுதாசி வந்த அன்னிக்கு. பக்கத்துல வேற தேதியா? எதுக்குங்க? அவங்கதான் போகலியே.

இந்தாங்க, அஞ்சாம் நம்பர் சாவி. கதவு கொஞ்சம் இறுக்கமா இருக்கும், லேசாத் தூக்கித் தெறங்க.